தக்காளி சாஸ் ஊற்றிய குரல்

உங்கள் குரலை முதன்முதலாக டேப்ரிகார்டரில் கேட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா?

எனக்கு நன்றாக இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த மாமா ஒரு கேசட் பெட்டி கொண்டுவந்திருந்தார். மொத்தக் குடும்பமும் சுற்றி உட்கார, நான் கம்பீரமாக (அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்) ஒரு சினிமாப் பாட்டைப் பாடினேன். மாமா டேப்பைப் பின்னால் ஓட்டி பட்டனை அமுக்கினார். உள்ளேயிருந்து ஜலதோஷம் பிடித்த யாரோ ஒரு பொடியன் பாடினான். ‘‘இது நான் இல்லை’’ என்றேன். ‘‘சாட்சாத் நீயேதான்’’ என்றது வீடு மொத்தமும். அதோடு என் சங்கீத வாழ்க்கை முடிந்தது. நாட்டுக்கு நல்லதுதான்.

இதற்குக் காரணம் ரொம்ப சிம்பிள். நம் குரல் நமக்கு இரண்டு வழியாக வந்து சேர்கிறது. வாயிலிருந்து காற்று வழியாகக் காதுக்கு ஒன்று. தாடை, மண்டை எலும்புகள் வழியாக நேரே உள்காதுக்கு இன்னொன்று. எலும்பு வழியாக வருவதில் கனமான, அடித்தொண்டைச் சத்தங்கள் தூக்கலாக இருக்கும். ஆகவே நமக்கு நாம் எப்போதும் கொஞ்சம் சீர்காழி கோவிந்தராஜன்! மைக்குக்கு எலும்பு வழி தெரியாது. ஊர் கேட்கும் குரலை மட்டும் பிடித்துக் கொடுத்துவிடுகிறது. அதைக் கேட்டதும், யாரோ நம் சட்டையைக் கழற்றிவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது.

ஒன்றிரண்டு தடவை கேட்டதும் நமக்கெல்லாம் பழகிவிடும். கடைசிவரை பழகாமலேயே போன ஒருவரின் கதைதான் இந்த வாரம். அவர் பெயர் ஜான் லெனன். ஆமாம், பீட்டில்ஸ் லெனன்! இருபதாம் நூற்றாண்டில் உலகம் அதிகம் கேட்ட குரல்களில் ஒன்றுக்குச் சொந்தக்காரர். அந்தக் குரல் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் இதை வாழ்நாள் முழுக்க ஆச்சரியத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ரிகார்டிங்கிலும் லெனன் வந்து நச்சரிப்பாராம். என் குரலை ஏதாவது பண்ணுங்கள், அதன்மேல் எதையாவது போட்டு மூடுங்கள், தக்காளி சாஸையாவது கொட்டுங்கள், அது என் குரல் மாதிரி இருக்கக்கூடாது, அவ்வளவுதான்!

லெனனின் குரல் நிஜமாகவே பலவீனமானதா? என்னைக் கேட்டால் இல்லை. கொஞ்சம் மூக்கு, கொஞ்சம் கரகரப்பு, ஓரமெல்லாம் மெல்லிசு. பக்கத்திலேயே நின்று பாடிய பால் மெக்கார்ட்னிக்கு உருண்டு திரண்ட குரல். தினம் தினம் அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எது எப்படியோ, தன் குரல் சோனி என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை ஒலிப்பதிவுக் கலையின் சரித்திரத்தையே கொஞ்சம் திருப்பிவிட்டது.

அங்கே போவதற்கு முன், சாஸ் பாட்டிலின் பூர்வீகத்தைப் பார்த்துவிட்டு வருவோம்.

1902. ஃபிரெட் கெய்ஸ்பெர்க் என்ற கிராமபோன் கம்பெனி ஆசாமி ஊர் ஊராகப் போய்ப் பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டிருந்தார். ஏப்ரலில் இத்தாலியின் மிலன் நகரில் கரூஸோ. நவம்பரில் நம் கல்கத்தாவில் கௌஹர் ஜான். இரண்டு இடத்திலும் ஒரே முறைதான். மைக் கிடையாது, மின்சாரம் கிடையாது. பெரிய புனல் ஒன்று இருக்கும். அதற்குள் முகத்தைக் கொடுத்துப் பாட வேண்டும். குரலின் சக்தியே நேராக ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். மெதுவாகப் பாடினால் ஊசி அசையாது. ரொம்பக் கத்தினால் துள்ளிவிடும். உச்சஸ்தாயிக்குப் போகும்போது பாடகர் தலையைப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். மறந்துபோனால், பின்னால் நிற்கும் ஆசாமி பிடித்து இழுப்பார்!

ஆக, அந்தக் காலத்தில் தொண்டை இருந்தால்தான் பாட்டு. மேடையிலும் அதே கதைதான். நம்மூரில் எஸ்.ஜி.கிட்டப்பா மைக் இல்லாமல் கொட்டகையின் கடைசி வரிசை வரை குரலை எறிந்தார். எறிய முடியாதவர்களுக்கு அந்தத் தொழிலில் இடமில்லை. உள்ளே எத்தனை சங்கீதம் இருந்தாலும் சரி, வீட்டுக்குப் போய் வேறு வேலை பார்க்கலாம்.

1925-ல் ஆட்டம் மாறியது. அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் கொடுத்த மின்சார ஒலிப்பதிவு முறையை விக்டர், கொலம்பியா இரண்டு கம்பெனிகளும் எடுத்துக்கொண்டன. புனல் போய் மைக் வந்தது. மைக்குக்கு முன்னால் குசுகுசுவென்று பேசினாலும் போதும், மீதியை ஆம்ப்ளிஃபையர் பார்த்துக்கொள்ளும்.

உடனே யார் வந்தார்கள் தெரியுமா? ‘விஸ்பரிங்’ ஜாக் ஸ்மித். பட்டப்பெயரே ‘கிசுகிசுக்கும்’ ஸ்மித். முதல் உலகப் போரில் விஷவாயு பட்டு, முழுச் சத்தத்தில் பாட முடியாமல் போன மனிதர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். புனல் காலமாக இருந்திருந்தால் அந்தக் குரல் வெளியே வந்திருக்காது. மைக் காலத்தில் அதுவே அவருடைய மூலதனம். 1926, 27-களில் அவர் இசைத்தட்டுகள் சக்கைப்போடு போட்டன. ஆயிரம் பேருக்குப் பாடுவது போலல்லாமல், கேட்பவர் காதில் மட்டும் ரகசியம் சொல்வது போன்ற பாட்டு! அதே சமயத்தில் வந்தவர்தான் ரூடி வாலி. மேடையில் இவர் குரல் எடுபடாது. கையில் ஒரு மெகாபோனை வைத்துக்கொண்டு பாடுவார். ரேடியோவில் மைக் கிடைத்ததும் கொடிகட்டிப் பறந்தார். இந்த வகைப் பாட்டுக்கு ‘க்ரூனிங்’ என்று பெயர் வந்தது.

எதிர்ப்பு இல்லாமல் இருக்குமா? 1932-ல் பாஸ்டன் நகர கத்தோலிக்க கார்டினல் வில்லியம் ஓ’கானல் கொதித்துப்போய்விட்டார். இது கேவலமான கலை, உண்மையான அமெரிக்க ஆண்மகன் எவனும் இப்படி முனகமாட்டான் என்கிற தொனியில் வறுத்தெடுத்தார். அவர் கண்ணில் மைக் என்பது ஏமாற்று வேலை. குரல் இல்லாதவனுக்குக் குரல் இருப்பதாகக் காட்டும் மோசடி. இந்தக் கோபத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறு வருடமாக, சட்டை மட்டும் மாற்றிக்கொண்டு இதே கோபம் வந்துகொண்டே இருக்கிறது.

குரல் இப்போது காதுக்குக் கேட்கிறது. ஆனால், சதைப்பிடிப்பு? அதற்கு வழி கண்டுபிடித்த இடம் ஒரு பாத்ரூம்!

பாத்ரூமில் பாடாதவர்கள் யாராவது உண்டா? சிமென்ட்டும் பளிங்கும் சத்தத்தை விழுங்காமல் திருப்பித் திருப்பி வீசும். ஒல்லிக் குரலும் அங்கே கோயில் மண்டபத்தில் ஒலிப்பது மாதிரி இருக்கும். சிகாகோவில் யுனிவர்சல் ரிகார்டிங் ஸ்டூடியோ வைத்திருந்த பில் புட்னம் 1947-ல் இதையே செய்தார். பதிவான சத்தத்தை ஸ்டூடியோவின் பாத்ரூமுக்குள் ஒரு ஸ்பீக்கர் வழியே அனுப்பி, அங்கே எதிரொலிப்பதை ஒரு மைக்கால் பிடித்து, பழைய சத்தத்தோடு தேவையான அளவு கலந்தார். அப்படி வெளிவந்த ஹார்மோனிகேட்ஸ் குழுவின் மவுத்-ஆர்கன் இசைத்தட்டு பெரிய வெற்றி. அப்புறம் எல்லாரும் எதிரொலி அறை கட்ட ஆரம்பித்தார்கள். ஹாலிவுட்டில் கேபிடல் கம்பெனி தன் வட்டக் கட்டடத்தின் கார் பார்க்கிங்குக்கு அடியில், பூமிக்குள், எட்டு அறைகள் கட்டியது. 1957-ல் ஜெர்மனியின் ஈ.எம்.டி. கம்பெனி அறையே வேண்டாம் என்று, ஆளைவிட நீளமான ஒரு பெட்டிக்குள் இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டு அதை அதிரவைத்தது. எடை கால் டன்னுக்கு மேல்!

அதே புட்னம், அதே சிகாகோ, அதே 1947-ன் கடைசி. பேட்டி பேஜ் என்ற இளம் பாடகி. பாட்டில் பின்பாட்டுக்கு ஒரு குரல் தேவை. தனியாக ஆள் வைக்கவில்லை. பேட்டியையே இன்னொரு தடவை பாடவைத்து, முதலில் பாடியதோடு சேர்த்துவிட்டார்கள். ‘கன்ஃபெஸ்’ என்ற அந்தப் பாட்டில் அவருக்கு அவரே பின்பாட்டு. கொஞ்ச நாளில் நான்கு பேட்டிகள் சேர்ந்து பாடும் இசைத்தட்டும் வந்தது. லேபிளில் பெயர் ‘பேட்டி பேஜ் குவார்டெட்’. நால்வர் குழு... நால்வரும் ஒருவர்!

1949-ல் பிங் கிராஸ்பி தன் நண்பரான கிடாரிஸ்ட் லெஸ் பாலுக்கு ஓர் ஆம்பெக்ஸ் டேப் மெஷினைப் பரிசளித்தார். லெஸ் பால் அதில் கூடுதலாக ஒரு ஹெட் பொருத்தி, மனைவி மேரி ஃபோர்டின் குரலை அடுக்கடுக்காகப் பதிந்தார். ஒவ்வொரு அடுக்கும் பழையதோடு கலந்து பதியும். கடைசி அடுக்கில் மேரி தும்மினால் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்படி வந்த ‘ஹவ் ஹை த மூன்’ 1951-ல் அமெரிக்காவில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. 1954-ல் மெம்ஃபிஸ் நகரில் ஸாம் ஃபிலிப்ஸ், எல்விஸ் பிரெஸ்லி என்ற பத்தொன்பது வயது லாரி டிரைவரின் குரலை இரண்டாவது டேப் மெஷின் வழியாகச் சுற்றவிட்டு, ஒரே ஒரு குட்டி எதிரொலியை ஒட்டினார். 1957-ல் படி ஹாலி தன் குரலைத் தானே இரட்டித்துப் பாடினார்.

லிவர்பூலில் ஒரு பையன் எல்விஸையும் படி ஹாலியையும் தேயத் தேயக் கேட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் குரலுக்கு மட்டும் அந்த மாயம் எங்கிருந்து வருகிறது?

1963 பிப்ரவரி 11. லண்டன் அபே ரோட்டில் ஈ.எம்.ஐ. ஸ்டூடியோ. முதல் ஆல்பத்துக்காக பீட்டில்ஸ் காலையிலிருந்து பாடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே நாளில் பத்துப் பாட்டு! லெனனுக்குக் கடுமையான ஜலதோஷம். இருமல் மிட்டாய், பால் என்று எதையெதையோ போட்டுத் தொண்டையைத் தாஜா பண்ணிக்கொண்டிருந்தார். இரவு பத்து மணி வாக்கில் கடைசிப் பாட்டு, ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’. தொண்டை கிழியக் கத்த வேண்டிய பாட்டு. மார்ட்டின் இதை வேண்டுமென்றே கடைசியில் வைத்திருந்தார். முதலில் பாடினால் மீதிப் பாட்டுக்குக் குரல் இருக்காது! லெனன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாடினார். முதல் டேக் ஓகே. பாதுகாப்புக்கு இன்னொன்று எடுக்கலாம் என்று பார்த்தால், குரலே இல்லை. சாஸ், மசாலா எதுவும் இல்லாத அந்த முதல் டேக்கைத்தான் அறுபது வருடம் தாண்டியும் உலகம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஆனால், லெனனுக்கு வேண்டியது அதுவல்ல. அதே வருடம், இரண்டாவது ஆல்பத்தில், அவருக்கு இரட்டைப் பதிவு பழகிவிட்டது. ஒருமுறை பாடுவது. அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அச்சாக அதே மாதிரி மறுபடி பாடுவது. இரண்டையும் சேர்ப்பது. அவ்வளவுதான்... குரல் தடித்துவிடும்.

ஏன் தடிக்கிறது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரே பதிவை அப்படியே நகலெடுத்து அதன்மேலேயே வைத்தால் சத்தம்தான் கூடும், குரல் தடிக்காது. வால்யூமைத் திருகினதற்கு மேல் ஒரு பலனும் இல்லை. இரண்டாம் முறை பாடும்போது மனிதனால் அச்சாக அதே மாதிரி பாட முடியாது. ஒரு எழுத்து கொஞ்சம் முந்தும், ஒரு ஸ்வரம் ஒரு மயிரிழை இறங்கும், மூச்சு வேறு இடத்தில் விழும். அந்தச் சின்னச் சின்னப் பிசகுகள்தான் குரலுக்குச் சதை! இரட்டை நாயனம் கேட்டிருப்பீர்களே... இரண்டு பேரும் ஒரே பாட்டை வாசித்தாலும் ஒரு நாயனத்துக்கு இல்லாத கனம் எங்கிருந்து வருகிறது? அதே கணக்குதான்.

லெனனுக்கு விளைவு பிடித்தது, வேலை பிடிக்கவில்லை. பாடின பாட்டையே திரும்பப் பாடுவது அவருக்கு மகா போர். கோஷ்டியில் எல்லாருக்கும் அலுப்பு. மணிக்கணக்கில் ராத்திரி போகும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வெள்ளைக் கோட் போட்ட டெக்னிகல் இன்ஜினீயர்கள் தேவுடு காத்துக்கொண்டிருப்பார்கள். (ஆமாம், ஈ.எம்.ஐ.யில் டெக்னிகல் ஆட்கள் ஆஸ்பத்திரி டாக்டர் மாதிரி வெள்ளைக் கோட்தான் போட வேண்டும்!) அப்படிக் காத்துக் காத்து நொந்துபோனவர்களில் ஒருவர் கென் டவுன்சென்ட்.

1966-ன் வசந்த காலம். ‘ரிவால்வர்’ ஆல்பத்துக்கான பதிவு நடந்துகொண்டிருந்தது. இன்னொரு நீண்ட இரட்டிப்பு இரவு முடிந்து, டவுன்சென்ட் கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். மனிதன் இரண்டாவது தடவை பாடித்தான் ஆக வேண்டுமா, மெஷினையே பிசகவைத்தால் என்ன? வழியிலேயே யோசனை உதித்தது.

அவர் செய்ததைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். டேப் மெஷினில் நாடா முதலில் பதியும் ஹெட்டைத் தாண்டும், ஓரிரு அங்குலம் தள்ளி படிக்கும் ஹெட்டைத் தாண்டும். பதியும் ஹெட்டையே படிக்கவும் வைக்கலாம். அப்படி வைத்தால் லெனனின் குரல் ஒரு கணம் முன்கூட்டியே கிடைத்துவிடும். அந்த முந்திய குரலை எடுத்து இரண்டாவது டேப் மெஷினுக்கு அனுப்பினார். அது அங்கே பதிவாகி, படிக்கப்பட்டு வெளியே வருவதற்கு ஒரு கணம் ஆகும். அதற்குள் முதல் மெஷினில் அதே குரல் படிக்கும் ஹெட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். முந்தியதும் தாமதமானதும் கழிந்து, இரண்டு லெனன்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வாசலில் நிற்பார்கள். இப்போது இரண்டாவது மெஷினின் வேகத்தை ஓர் ஆஸிலேட்டரின் குமிழைக் கொண்டு லேசாக ஆட்டினால்... இரண்டாம் லெனன் கொஞ்சம் முந்துவார், கொஞ்சம் பிந்துவார், சுருதியும் ஒரு இழை அசையும். மறுபடி பாடினது மாதிரியே!

எவ்வளவு பிந்தலாம்? ஒரு விநாடியை நூறு துண்டாக வெட்டி, அதில் இரண்டு மூன்று துண்டு. அதைத் தாண்டிப் போனால் தனி எதிரொலியாகக் கேட்க ஆரம்பிக்கும். அதற்குள் இருந்தால் இரண்டையும் ஒன்றாகவே காது ஏற்றுக்கொள்ளும் என்பதை ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-லேயே பரிசோதித்துச் சொல்லியிருந்தார்.

செயற்கை இரட்டைப் பதிவு, சுருக்கமாக ஏ.டி.டி. என்று பெயர் வைத்தார்கள். லெனன் குதித்தார். இது எப்படி வேலை செய்கிறது என்று மார்ட்டினிடம் கேட்டார். லெனனுக்கும் இயந்திரங்களுக்கும் ஏழாம் பொருத்தம் என்று மார்ட்டினுக்குத் தெரியும். முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, வாய்க்கு வந்த விஞ்ஞான வார்த்தைகளைக் கோத்து ஏதோ உளறினார். அந்த உளறலில் ‘ஃப்ளாஞ்ச்’ என்று ஒரு வார்த்தை வந்தது. லெனன் அதைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து, என் குரலுக்குக் கொஞ்சம் ஃப்ளாஞ்ச் போடுங்கள் என்பது வாடிக்கையானது! இன்று உலகமெங்கும் கிடாரிஸ்ட்கள் காலால் மிதிக்கிற ‘ஃப்ளாஞ்சர்’ பெட்டியின் பெயர் இதிலிருந்துதான் பிறந்ததா என்பதில் இன்னும் அடிதடி இருக்கிறது. நாம் நடுவில் போக வேண்டாம்.

லெனன் அதோடு விட்டாரா? ஏப்ரல் மாதம், ‘டுமாரோ நெவர் நோஸ்’ பதிவு. மலை உச்சியில் நின்று தலாய் லாமா ஓதுவது போல என் குரல் கேட்க வேண்டும் என்றார். அன்றைக்குக் கன்ட்ரோல் அறையில் பொறுப்பேற்றிருந்த ஜெஃப் எமெரிக்குக்கு வயது இருபது! பையன் யோசித்தான். ஹம்மண்ட் ஆர்கனோடு வரும் லெஸ்லி என்ற ஸ்பீக்கர் பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே ஸ்பீக்கர் புனல் சுழலும், அதனால் சத்தம் அலை அலையாக வரும். ஆர்கனுக்குப் பதில் லெனனின் குரலை அதற்குள் அனுப்பினார்கள். லெனனுக்கு மயக்கமே வந்துவிட்டது. என்னைக் கயிற்றில் தலைகீழாகத் தொங்கவிட்டு மைக்கைச் சுற்றி ஆட்டினால் இதே மாதிரி வருமா என்று கேட்டாராம். நல்லவேளை, யாரும் கயிறு தேடவில்லை. அந்தப் பாட்டின் முதல் பாதியில் ஏ.டி.டி., பின் பாதியில் லெஸ்லி. சாஸ் இல்லாத லெனன் அதில் கிடைக்கமாட்டார்.

சாஸ்களில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. கம்ப்ரெஸர். மெல்லிய குரலின் பெரிய கஷ்டம், ஒரு வார்த்தை கேட்கும், அடுத்த வார்த்தை வாத்தியங்களுக்கு அடியில் போய்விடும். முன்பெல்லாம் ஒலிப்பதிவாளர் பாட்டை மனப்பாடம் செய்து, விரலால் குமிழை ஏற்றி இறக்கிச் சமாளித்தார். அந்த விரலின் வேலையை மெஷின் எடுத்துக்கொண்டது. உரக்க வரும் இடத்தைத் தானே அமுக்கும். பிறகு மொத்தத்தையும் தூக்கிவிடலாம். மூச்சு, உதடு ஒட்டிப் பிரியும் சத்தம் எல்லாம் முன்னால் வந்துவிடும். அபே ரோட்டில் இதற்கு ஃபேர்சைல்ட் 660 என்ற வால்வு மெஷின் இருந்தது. குரலுக்கு இரட்டிப்பதைவிட இதுதான் பெரிய ஊட்டச்சத்து என்பது என் கட்சி. ஆனால், இதில் கதை சொல்ல ஒன்றும் இல்லை. ஒழுங்காக வேலை செய்கிற சமாசாரங்களுக்கு அந்தச் சாபம் உண்டு!

அடுத்த வருடங்களில் லெனன் டேப்பின் வேகத்தை மாற்றிப் பாடினார். காதுக்குள் எதிரொலியைக் கேட்டுக்கொண்டே பாடினார். 1968-ல் தரையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு பாடினார். பீட்டில்ஸ் உடைந்துகொண்டிருந்த 1970 ஜனவரியில், காலையில் எழுதிய ‘இன்ஸ்டன்ட் கர்மா’வை அன்றே ஃபில் ஸ்பெக்டரை வைத்துப் பதிவு செய்தபோதும் குரலில் எல்விஸ் பாணிக் குட்டி எதிரொலி. 1980 நவம்பரில் வந்த ‘டபுள் ஃபேன்டஸி’ ஆல்பத்தின் முதல் பாட்டிலும் அதே. அடுத்த மாதம், டிசம்பர் 8-ம் தேதி, நியூயார்க்கில் தன் வீட்டு வாசலில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அவர் பார்க்காத சாஸ் ஒன்று 1997-ல் வந்தது. ஆண்டி ஹில்டெபிராண்ட் என்ற அமெரிக்கர், பெட்ரோல் தேடும் தொழிலில் இருந்தவர். பூமிக்குள் சத்தத்தை அனுப்பி, திரும்பி வரும் அலைகளைக் கணக்குப் போட்டு, எங்கே எண்ணெய் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. ஒரு விருந்தில் ஒரு பெண்மணி, நான் சுருதியோடு பாட ஒரு பெட்டி செய்து கொடுங்களேன் என்று தமாஷாகக் கேட்க, அதே மாதிரிக் கணக்கைக் கொண்டு செய்தேவிட்டார். ஆட்டோட்யூன். சுருதி விலகினால் ஓசைப்படாமல் இழுத்து நிறுத்தும். 1998-ல் ஷெர் பாடிய ‘பிலீவ்’ பாட்டில் அதை வேண்டுமென்றே அதிகபட்சத்துக்குத் திருகி, குரலை ரோபோ போல உடைத்தார்கள். பாட்டு உலக ஹிட். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டபோது தயாரிப்பாளர்கள் வேறு ஏதோ மெஷினின் பெயரைச் சொல்லி ரகசியத்தைக் காப்பாற்றப் பார்த்தார்கள். பாஸ்டன் கார்டினலின் ஆவி மறுபடி எழுந்தது. மோசடி, பித்தலாட்டம், பாடத் தெரியாதவனெல்லாம் பாடகன்!

நான் எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். கார்டினல் பக்கம் இல்லை. மைக் மோசடி என்றால் ஜாக் ஸ்மித் ஊமையாகவே இருந்திருப்பார். ஆனால், ஒரு வித்தியாசம் எனக்கு உறுத்துகிறது. டவுன்சென்ட் மெஷினுக்குப் பிசகக் கற்றுக்கொடுத்தார். மனிதனின் தடுமாற்றம் இல்லாமல் குரல் தடிக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஹில்டெபிராண்டின் மெஷின் பிசகைத் துடைக்கிறது. இரண்டும் குரலுக்கு ஒத்தாசைதான், சந்தேகமில்லை. ஒன்றில் ஆள் இரண்டாகிறார், இன்னொன்றில் ஆள் கொஞ்சம் குறைகிறார். ரேடியோவில் புதுப் பாட்டு கேட்கும்போது, பாடுவது யார் என்று கண்டுபிடிக்க முடியாமல் நீங்கள் திணறியதுண்டா? நான் தினமும் திணறுகிறேன். வயசாகிவிட்டது என்கிறார்கள் வீட்டில்.

லெனன் கதைக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

2010-ல், அவர் இருந்திருந்தால் எழுபது வயதாகியிருக்கும் மாதத்தில், மனைவி யோகோ ஓனோவும் தயாரிப்பாளர் ஜாக் டக்ளஸும் ஒரு காரியம் செய்தார்கள். ‘டபுள் ஃபேன்டஸி’யின் பழைய டேப்புகளை எடுத்து, பூச்சுகளைச் சுரண்டி, குரலை முன்னால் கொண்டுவந்து மறுபடி வெளியிட்டார்கள். ‘ஸ்ட்ரிப்ட் டவுன்’ என்று பெயர். எந்தக் குரலை மூடச் சொல்லி மன்றாடினாரோ அதைத் திறந்து காட்டுவதற்காகவே ஓர் ஆல்பம். அவரைக் கேட்டிருந்தால் சம்மதித்திருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். கேட்டுப் பாருங்கள், ஒல்லியாக, கொஞ்சம் மூக்கோடு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாடுகிறார்.

அப்புறம் அந்தக் கேசட். எழுபதுகளின் கடைசியில் நியூயார்க் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே சாதாரண கேசட் ரிகார்டரில் லெனன் சில பாட்டுகளைப் பதிந்துவைத்திருந்தார். 1994-ல் யோகோ அவற்றை மெக்கார்ட்னியிடம் கொடுத்தார். மிச்சமிருந்த மூன்று பேரும் சேர்ந்து இரண்டு பாட்டை முடித்து வெளியிட்டார்கள். மூன்றாவதான ‘நவ் அண்ட் தென்’ மட்டும் சண்டி செய்தது. பியானோ குரலை மூடிக்கொண்டது, கூடவே மின்சார ‘ம்ம்ம்’ இரைச்சல். ஒரே டேப்பில் ஒட்டிக்கிடந்த இரண்டையும் பிரிக்க அன்று வழியில்லை. தூக்கி வைத்துவிட்டார்கள். 2001-ல் ஜார்ஜ் ஹாரிஸனும் போய்விட்டார்.

டைரக்டர் பீட்டர் ஜாக்ஸன் 2021-ல் வந்த ‘கெட் பேக்’ ஆவணப் படத்துக்காக, கலந்துபோன சத்தங்களிலிருந்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக உருவும் கம்ப்யூட்டர் முறையைத் தன் ஆட்களை வைத்து உருவாக்கியிருந்தார். இன்னாருடைய குரல் இப்படி இருக்கும், இது கிடார், இது பியானோ என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்துப் பழக்குவது. அந்தக் கேசட்டை அதனிடம் கொடுத்தார்கள். 2023 நவம்பர் 2-ம் தேதி பாட்டு வெளியானது. இங்கிலாந்தில் முதலிடம்.

கம்ப்யூட்டர் பியானோவை ஒரு பக்கம், இரைச்சலை ஒரு பக்கம் ஒதுக்கிவைத்த பிறகு, கன்ட்ரோல் அறை ஸ்பீக்கரில் முதலில் வந்தது லெனனின் குரல் மட்டும். அவர் வீட்டில், அவர் பியானோ முன்னால் உட்கார்ந்து பாடியது. சாஸ் கேட்க அன்றைக்குப் பக்கத்தில் ஜார்ஜ் மார்ட்டின் இல்லை.